நரகத்துக்கு அஞ்சிய ஓவியர்

யப்பானிய ஓவியங்களின் வரலாற்றை எழுதியோர், ஹக்குயின் எக்காக்கு என்னும் துறவியை நெடுங்காலமாகச் சமயப் பெரியார் வரிசையில் வைத்துப் போற்றினரேயன்றிக் கலைஞர் வரிசையில் வைத்து எண்ணினாரல்லர். அதற்குக் காரணமும் இருந்தது. ஆட்சியாளரின் ஆதரவிலே தலைமுறை தலைமுறையாகத் தொழில் பயிற்றி வந்த கானோ பரம்பரையில் அவர் பயின்றவரல்லர். எந்த ஓவிய ஆசானிடமும் தூரிகை பிடிக்கக் கற்றவரல்லர். அவருடைய கோடுகள் தடித்தவை. மை சிந்திய இடங்களை அவர் மறைத்ததில்லை. முதலில் மெல்லிதாக இட்ட கோட்டை விட்டுப் பின்னர் இட்ட தடித்த கோடு விலகிப் போனாலும் அவர் அதனைப் பொருட்படுத்தியதில்லை. படத்தின் ஓரத்தில் எழுதும் வாசகங்களோ, பெரிய எழுத்துக்களில் மேலே தொடங்கி, இடம் போதாமையால் கீழே நெருங்கிக் குறுகிக் கிடக்கும். இப்படிப்பட்ட ஓவியங்களும் எழுத்துக்களும் ஆயிரத்துக்கு மேல் இன்றும் உள்ளன. அவற்றின் அச்சுப் பிரதிகளைப் பலமுறை புரட்டிப் பார்த்தபின், ஒரு மனிதனுடைய வாழ்வு முழுவதும் அவற்றுள்ளே கிடக்கின்றது என்றும், அவ்வாழ்வின் ஆணிவேர் அச்சமே என்றும் எனக்குத் தோன்றிற்று.

ஹக்குயின் 1686 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, பூஜி மலையின் அடிவாரத்தில் உள்ள ஹாரா என்னும் ஊரிற் பிறந்தார். இன்று நுமாஸு நகரின் ஒரு பகுதியாக இருக்கும் ஹாரா, அக்காலத்தில் எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொக்கைடோ பெருவழியில் ஒரு தங்கல் ஊர். குடும்பத்தினர் வழிப்போக்கருக்கான விடுதி நடத்தி வந்தனர். பிள்ளைப் பெயர் இவாஜிரோ. தாயார் நிச்சிரென் மதப் பிரிவிலே ஆழ்ந்த பற்றுள்ளவர்.

பத்து வயதளவில் தாயாரோடு ஒரு பிரசங்கம் கேட்கப் போனான் சிறுவன். பிரசங்கியார் எட்டு வகை வெந்நரகங்களையும் அங்கே பாவிகள் படும் பாட்டையும் விரித்துரைத்தார். பறவைகளையும் பூச்சிகளையும் கொன்று விளையாடிய பிள்ளைக்கு அன்றிலிருந்து உறக்கம் போயிற்று. சில நாளின் பின் தாயார் அவனை நீராட்ட அழைத்துச் சென்றார். யப்பானியர் குளிக்கும் தொட்டியின் கீழே விறகிட்டு நீரைச் சூடேற்றுவது வழக்கம். அடுப்பிலே தீ இரைந்து எழுந்தது; நீர் கொதிக்கும் ஓசையும் கேட்டது. நரகத்தின் வாய் திறந்துவிட்டதென்று எண்ணி வீடே அதிர அலறினான் பிள்ளை. தேற்றுவார் தேற்றியும் ஆறவில்லை. கித்தானோத் தெய்வத்தை வழிபட்டால் அச்சம் தீரும் என்று தாயார் சொல்ல, நள்ளிரவு கழிந்ததும் எழுந்திருந்து பிரார்த்திக்கத் தொடங்கினான்.

மற்றுமொரு நாள் பொம்மலாட்டம் ஒன்றைப் பார்த்தான். பழுக்கக் காய்ச்சிய கலத்தைத் தலையிற் கவிழ்த்தபோதும் நிஷ்ஷின் என்னும் துறவி சற்றும் வருந்தாதிருந்தார் என்பது அதன் கதை. மெய்யன்பர்களைத் தீ சுடாது போலும் என்று நம்பிய பிள்ளை, வீட்டிலே கம்பியைக் காய்ச்சித் தன் தொடையில் வைத்துப் பார்த்தான். தீ சுட்டது. வீட்டிலிருந்து செய்யும் பக்தி போதாது, துறவு பூண வேண்டும் என்று முடிவு செய்தான். பெற்றோர் முதலில் உடன்படவில்லை. பின்னர் இசைந்தனர். 1699 ஆம் ஆண்டில் ஊரிலுள்ள ஷோயின்ஜி மடத்திலே தலை மழித்து எக்காக்கு என்னும் பெயர் பெற்றான்.

இனி அவரை ‘அவர்’ என்போம். அந்த மடம் ஜென் நெறியைச் சார்ந்தது. தியானம் என்னும் நம் சொல்லே சீனர் வாயிற் ‘சான்’ ஆகி, யப்பானியர் வாயில் ‘ஜென்’ ஆயிற்று. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்ற போதிதருமரே அந்நெறியின் முதற் குரு என்பது சீன மரபு. நம்மவர் அவரைக் காஞ்சிபுரத்தவர் என்பர். அசையாது அமர்ந்திருத்தல், குரு கொடுத்த விடையற்ற வினாவொன்றை இரவும் பகலும் உள்ளத்திலே நிறுத்திப் புழுங்குதல் ஆகிய இரண்டும் அந்நெறியில் ஹக்குயின் சார்ந்த பிரிவின் முக்கிய சாதனைகள்.

துறவு பூண்டதனால் அச்சம் தீர்ந்ததா? இல்லை. பெருமை மிக்கது என்று எல்லோரும் சொன்ன தாமரைச் சூத்திரத்தைப் படித்தார். உவமைக் கதைகளின் தொகுதியாகவே அது அவருக்குப் பட்டது. பத்தொன்பது வயதளவில், டாங் வம்ச காலத்துச் சீன ஞானியான யான்தௌவின் முடிவைப் பற்றிக் கேள்விப்பட்டார். 887 ஆம் ஆண்டிலே கள்வர் கையால் வெட்டுண்ட அந்த ஞானி, சாகும் தறுவாயில் இட்ட கூக்குரல் காததூரம் கேட்டதாம். ஹக்குயின் நிலைகுலைந்தார். அத்தனை பெரிய ஞானியே கள்வருக்குத் தப்ப முடியாமல் அலறிச் செத்தாராயின், தன்னைப் போன்றவன் நரகத்துக்கு எப்படித் தப்புவான்? தியானத்தில் நம்பிக்கை போயிற்று. நரகத்துக்குப் போவது உறுதியாகிவிட்டபின், அதுவரையிலும் பெயர் பெற்றுச் சுகமாக வாழலாமே என்று கவிதையிலும் எழுத்தழகுக் கலையிலும் ஓவியத்திலும் இறங்கினார். சீன, யப்பானிய மேதைகளின் எழுத்து மாதிரிகளைத் தேடி வைத்துக்கொண்டு தாமாகவே பழகினார். நெறியைத் துறந்த சலிப்பிலே பிறந்த கலை அது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நலம்.

மீனோ மாகாணத்திலே பாஓ என்னும் கவித் துறவியிடம் தங்கியிருந்தார். முன்கோபத்துக்குப் பெயர் போனவர் அவர். மற்ற மாணவர் நில்லாதோடிய இடத்தில் ஹக்குயின் நின்றார். ஒருநாள் மடத்து நூல்களை வெயிலில் காயப் போட்டிருந்தனர். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சீனத்தில் 1600 இல் ஷுஹொங் என்னும் துறவி தொகுத்த நூல் கையில் வந்தது. உறக்கம் வரும்போதெல்லாம் தன் தொடையில் ஊசியாற் குத்திக்கொண்டு தியானத்தில் இருந்த ஷிஷுவாங் என்பாரின் கதை அதிலே இருந்தது. மீண்டும் தியானத்துக்குத் திரும்பினார். ஆனால் தூரிகையை விட்டாரில்லை.

தூரிகையை விட்டது 1706 ஆம் ஆண்டில். மட்சுயாமா நகரிலே போர்வீரர் குலத்துச் செல்வர் ஒருவர் துறவிகள் சிலரை விருந்துக்கு அழைத்துத் தம்மிடமிருந்த எழுத்தோவியச் சுருள்களைக் காட்டினார். கடைசியாக, உறைக்குள் உறையிட்டுப் பொன்போற் காத்த ஒன்றை எடுத்து விரித்தார். டைகு என்னும் பழைய துறவியின் கையெழுத்து அது. கூடியிருந்தோர் வணங்கினர். ஹக்குயின் உற்றுப் பார்த்தார். கோட்டிலே நயமில்லை, அமைப்பிலே அழகில்லை. தம் எழுத்து இதனினும் எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் இவர்கள் வணங்குவது எதனை? எழுதியவனுடைய வாழ்வைத்தான் என்று உணர்ந்தார். தங்கியிருந்த மடத்துக்குத் திரும்பியதும், பெட்டியிலிருந்த மாதிரி ஏடுகளையும், தாம் வரைந்தவற்றையும், எழுதியவற்றையும் எடுத்துச் சென்று கல்லறைகளின் நடுவே தீயிட்டார்.

ஒரு கலைஞனின் வரலாற்றிலே இதைவிடக் கொடிய செயல் வேறில்லை என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று எரிந்தவை கெட்டிக்காரப் பையன் ஒருவனின் பயிற்சிகள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எரியாதிருந்தால், பிற்காலத்து ஹக்குயினின் கோணற் கோடுகள் நமக்குக் கிடைத்திரா.

1707 டிசம்பரில் பூஜி மலை வெடித்தது. எடோ நகரில் சாம்பல் விழும் அளவுக்கு இரண்டு வாரம் வரை அது கனன்றது. நிலம் குலுங்க, ஷோயின்ஜி மடத்திலிருந்த ஏனையோர் வெளியே ஓடினர். ஹக்குயின் மாத்திரம் மண்டபத்தில் தியானத்தில் அமர்ந்தபடியே இருந்தார். தனக்கு ஞானம் கிட்டுவதாயின் தெய்வங்கள் காக்கும், இல்லையாயின் இடிபட்டுச் சாகலாம் என்பது அவர் துணிபு. வீர சாகசமாக இதனை எழுதுவோர் உண்டு. தீயைக் கண்டு அலறிய குழந்தை, அதே தீயின் முன்னே தன்னை இருத்திச் சோதித்ததாகவே நான் காண்கிறேன்.

அடுத்த ஆண்டில், எச்சிகோ மாகாணத்து மடமொன்றில், நாய்க்கும் புத்தத் தன்மை உண்டோ என்று கேட்டவனுக்கு ஜாவ்ஜௌ என்ற சீனக் குரு இல்லையென விடையிறுத்த அந்த ‘இல்லை’யையே பற்றிப் பல நாள் இருந்தார். பனிக்கட்டியினுள்ளே உறைந்தவர் போல் இருந்த நிலையில், விடியற்காலை மணியோசை எங்கிருந்தோ கேட்டது. எல்லாம் உடைந்து விழுந்தது. யான்தௌ சாகவில்லை, தாமே அந்த யான்தௌ என்று அவர் கூத்தாடினார். இப்படிப்பட்ட ஞானம் முன்னூறு ஆண்டில் ஒருவருக்கும் வாய்த்திராது என்ற செருக்கும் உடன் வந்தது.

செருக்கை அடக்கினவர் ஈயாமா என்னும் மலையூரில் வாழ்ந்த ஷோஜு என்ற முதியவர். ஹக்குயின் எழுதிக் கொடுத்த ஞானப் பாடலைக் கையிலே கசக்கிப் பிடித்துக்கொண்டு, இது படித்தது, கண்டது எங்கே என்று கேட்டார். வாதாடிய மாணவனின் மூக்கைப் பிடித்துத் திருகினார். ஒருநாள் அடித்துத் திண்ணையிலிருந்து சேற்றிலே தள்ளிவிட்டுச் சிரித்தார். வளையிற் கிடக்கும் பேய் என்பது அவர் வைத்த செல்லப் பெயர். வினாவிலே மூழ்கியவராய் ஒருநாள் பிச்சைக்குச் சென்று, ஒரு வீட்டு வாயிலில் மரம் போல் நின்றார் ஹக்குயின். போகச் சொல்லியும் போகாதவரைக் கண்டு சினந்த கிழவி துடைப்பத்தால் அடித்து வீழ்த்தினாள். உணர்வு மீண்டபோது வினாக்களின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. எட்டு மாதம் அங்கே இருந்து திரும்பினார்.

அளவுக்கு மீறிய சாதனை உடலைக் கெடுத்தது. காதிலே ஓயாத இரைச்சல். கால்கள் பனிக்கட்டி போற் குளிர்ந்தன. கண்ணில் நீர் வடிந்தது. எதற்கும் அஞ்சும் மனம் மறுபடியும் வந்தது. மருத்துவர் கைவிட்டனர். கியோட்டோவின் புறத்தே ஷிரக்காவா மலைக் குகையில் வாழ்ந்த ஹக்குயூ என்னும் முனிவரைத் தேடிச் சென்று, அவரிடம் இரண்டு முறைகளைக் கற்றதாகப் பின்னாளில் எழுதினார். மூச்சையும் மனத்தையும் கொப்பூழின் கீழே இறக்கி நிறுத்துதல் ஒன்று. மற்றையது வெண்ணெய்த் தியானம். நறுமணமுள்ள வெண்ணெய், தாரா முட்டையளவில், உச்சந்தலையில் இருப்பதாகப் பாவிக்க வேண்டும். அது மெல்ல உருகித் தோளிலும் மார்பிலும் வழிந்து, ஈரலையும் குடலையும் நனைத்து, உள்ளங்கால் வரை இறங்கும். நோவும் கட்டியும் அதனோடு இறங்கிப் போகும். சீனத்துத் தாவோ மருத்துவமும், தியந்தாய்ப் பிரிவின் தியான நூல்களும் இம்முறைகளுக்கு ஊற்று. நம் யோகியர் சொல்வனவும் இதற்குத் தூரமல்ல. ஹக்குயூ என்பவர் வாழ்ந்தது உண்மை. ஆனால் ஹக்குயின் சந்தித்ததாகச் சொல்லும் 1710 க்கு முந்திய ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டார் என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கதை எவ்வாறாயினும் ஹக்குயின் நோய் நீங்கி எண்பது கடந்தார். 1757 இல் அவர் வெளியிட்ட அந்த நூலைப் பலர் மருத்துவ நூலாகவே போற்றிப் படித்தனர்.

1717 அளவில், பிறந்த ஊரின் ஷோயின்ஜி மடத்துக்கே தலைவரானார். மடம் என்பது பெயரளவில்தான். கூரை வழியாக விண்மீன் தெரிந்தது. மழைநாளில் உள்ளேயும் தொப்பி அணிய வேண்டியிருந்தது. உடைமைகள் கடன்காரர் கையில் இருந்தன. அடுத்த ஆண்டில் ஹக்குயின் என்ற பெயரைப் பூண்டார். 1726 ஆம் ஆண்டின் ஓர் இரவு, இளமையில் வெறும் கதையென்று தள்ளிய தாமரைச் சூத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, அடித்தளக் கற்களிடையே சில்வண்டு ஒன்று கத்திற்று. அக்கணத்திலே அந்நூல் திறந்தது. வாய்விட்டு அழுதார்.

அதன் பின்னர் அவர் போதிக்கும் மனிதர். 1740 இல் அவர் ஆற்றிய விரிவுரைத் தொடருக்கு நானூறு பேருக்கு மேல் வந்து, அந்தச் சிற்றூரைச் சுற்றிக் குடிசைகளிலும் பாழ்வீடுகளிலும் தங்கினர். சுருகா மாகாணத்துக்கு அளவுக்கு மீறிய சிறப்புகள் இரண்டு. ஒன்று பூஜி, மற்றது ஹாராவின் ஹக்குயின் என்று மக்கள் சொல்லிக்கொண்டனர். வலியோருக்கும் அவர் அஞ்சவில்லை. ஒக்காயாமாப் பிரபுவுக்கு 1754 அளவில் எழுதிய நீண்ட கடிதத்திலே, பிரபுக்களின் ஆடம்பரத்தையும் ஊர்வலச் செலவையும், அதனாற் குடியானவர் படும் துன்பத்தையும் கண்டித்தார். அந்த நூல் பின்னர் தடைசெய்யப்பட்டது.

இன்று நாம் காணும் ஓவியங்களில் மிகப் பெரும்பாலானவை அறுபது வயதுக்குப் பிற்பட்டவை. எரித்த தூரிகையை அவர் முன்னரே சிறிது சிறிதாக மீட்டெடுத்திருந்தார்; முதுமையிலே அது வெள்ளமாயிற்று. யாருக்காக வரைந்தார்? சூத்திரம் படிக்கத் தெரியாத உழவருக்கும், மீனவருக்கும், பெருவழியில் வந்து தங்கிய வழிப்போக்கருக்கும். ஒரு கை எழுப்பும் ஓசை எது என்ற தம் புகழ்பெற்ற வினாவுக்கு உள்ளத்தால் விடை கண்ட இல்லறத்தாருக்கு, நாகம் சுற்றிய கைத்தடியின் சித்திரத்தை நற்சான்றாக வரைந்து கொடுத்தார். தொந்தி பெருத்த ஹொத்தேய் என்னும் சீனத் துறவி, நீரில் விழுந்த நிலாவைப் பிடிக்க நீளும் குரங்கு, திரிகைக் கல்லின் விளிம்பில் ஓயாது சுற்றும் எறும்பு என இவையெல்லாம் தூரிகையிலிருந்து உதிர்ந்தன. பூஜியை வரைந்த ஒரு படத்திலே மலை பேருருவாய் நிற்க, அடியில் பிரபுவின் ஊர்வலம் எறும்புச் சாரை போற் போகிறது. தடை செய்யப்பட்ட நூலின் கருத்தை அங்கே தூரிகை சொல்லிவிடுகிறது.

குருடர் பாலம் கடக்கும் சித்திரங்கள் என்னை மிகவும் நிறுத்தி வைத்தவை. பள்ளத்தாக்கின் மேலே ஒற்றை மரப் பாலம். அதிலே ஒரு குருடன் கைகளாலும் கால்களாலும் தவழ்கிறான். செருப்பைக் கைத்தடியிலே தொங்கவிட்டிருக்கிறான். ஆளோ மையினால் இட்ட நாலைந்து தீற்று. சுற்றிலும் வெறுங் காகிதம். கூர்ந்து பார்த்தால், பாலத்தின் மறுமுனை எதிர்க் கரையைத் தொடவில்லை. பயிற்சி பெற்ற ஓவியன் அந்த இடைவெளியை மலையாலும் மேகத்தாலும் நிரப்பியிருப்பான். ஹக்குயின் நிரப்பவில்லை. பார்ப்பவனும் அங்கே நின்று நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

போதிதருமரை அவர் வரைந்த படங்களுக்குக் கணக்கில்லை. எண்பது வயதளவில் வரைந்த ஒன்று, கியூஷு தீவின் ஓயிட்டா நகரிலுள்ள மன்ஜுஜி மடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 6 அடி உயரம். கரிய பின்னணியிலே செவ்வாடை. அதன் மேலே பாறை போன்ற தலை. மேல்நோக்கி உருளும் பெரிய விழிகள். அடிக்கோடுகளை மறைக்கும் முயற்சியே இல்லை. அந்த முகம் தென்னிந்தியனின் முகமும் அன்று, சீனனின் முகமும் அன்று. அகன்ற கண்ணும் பெருத்த உடலுமாய் ஹக்குயின் தம்மையே வரைந்த படங்களோடு ஒப்பிட்டால், அது யாருடைய முகமென்று தெளிவாகும்.

ஆயினும் அவருடைய கைவண்ணத்தில் ஒன்றையே தெரிந்தெடுக்கச் சொன்னால், உருவமே இல்லாத ஒன்றைத்தான் நான் எடுப்பேன். ஒரே நிரலாய் மேலிருந்து கீழே இறங்கும் ஏழு கரிய எழுத்துக்கள். நரகம் என்னும் பெரும் போதிசத்துவருக்கு வணக்கம் செலுத்துவது அதன் பொருள். குளிப்புத் தொட்டியின் கீழே எரிந்த தீயைக் கண்டு அலறிய பிள்ளையின் கையே, அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து இந்த எழுத்துக்களை எழுதியது. நரகத்தை அவர் மறுக்கவில்லை. அது பொய்யென்று யாருக்கும் சொல்லவில்லை. தம்மை வீட்டிலிருந்து கிளப்பிய குரு அதுவே என்று கைகூப்பினார். டைகுவின் நயமற்ற எழுத்தை மட்சுயாமாவில் துறவிகள் ஏன் வணங்கினர் என்ற கேள்விக்கு, இந்தச் சுருளைப் பார்ப்பவருக்கு விளக்கம் வேண்டியிராது.

இந்த ஓவியங்கள் கலையுலகின் கண்ணுக்குப் பட்டது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டிலே. ஹொசொக்காவா மொரிதத்ஸு என்னும் பிரபு, இளமையில் நோயுற்றிருந்தபோது ஹக்குயினின் வெண்ணெய்த் தியான நூலைப் படித்துப் பயனடைந்து, அந்த நன்றியில் அவருடைய சித்திரங்களைத் தேடிச் சேர்த்தார். அவை தோக்கியோவில் ஏசேய் புன்கோ காட்சிச்சாலையில் உள்ளன. 2010 இல் நியூயோர்க்கில் ஹக்குயினின் ஓவியங்களுக்கென்றே பெருங் கண்காட்சி நடந்தது. யப்பானின் ரின்சாய் ஜென் துறவிகள் எல்லோரும் இன்று தங்கள் குரு பரம்பரையை ஹக்குயின் வழியாகவே கணக்கிடுகின்றனர். பேரரசர் மெய்ஜி 1884 இல் அவருக்குத் தேசிய குரு என்ற பட்டத்தை வழங்கினார்.

1769 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஷோயின்ஜி மடத்திலே ஹக்குயின் நோயுற்றுக் கிடந்தார். மருத்துவர் நாடி பார்த்து ஆபத்தில்லை என்றாராம். மூன்று நாளில் ஒருவன் சாகப் போவதை அறியாதவன் என்ன மருத்துவன் என்று கிழவர் கேலி செய்தாராம். பதினெட்டாந் தேதி விடியலில் அமைதியாக உறங்கியவர், திடீரெனப் பெருங் குரலில் ஒருமுறை முனகினார். வலப்பக்கமாகச் சரிந்திருந்தபடியே உயிர் பிரிந்தது. சரிதத்தை எழுதிய தலைமாணாக்கர் தோரெய், யான்தௌவின் அலறல் குருவின் இளமையை எப்படி உலுக்கியது என்பதை நன்கு அறிந்தவர். அந்த முனகலை அவர் மறைக்கவில்லை. நாளையும் வேளையையும் குறித்து, அதனையும் உடன் எழுதி வைத்தார்.